<...> என்பவர் யார்?

"அண்ணா, இந்த மூணு புள்ளிக்காரர் யாரு? நம்ம சர்வர்லயே இவருதான் அதிக நேரம் காத்துக்கிட்டு நிக்கிறாரு."

கேட்டது எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண். திரையில் இருந்தது, அன்று காலை நான் அரை மணி நேரத்தில் எழுதிய ஸ்கிரிப்ட் போட்டுத் தந்த பட்டியல். எந்த நிரல் சிபியு கிடைக்காமல் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது என்று அது சொல்ல வேண்டும். முதலிடத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "<...>" என்று இருந்தது. இரண்டாமிடத்தில் ஐடில்.

மூன்று புள்ளியைக்கூட விட்டுவிடலாம். ஐடிலைப் பார்த்துத்தான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சிபியுவுக்கு வேறு எந்த வேலையும் இல்லாதபோது ஓடுவதற்கென்றே, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் வைத்திருக்கும் ஆள் அது. கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு காலிப் பந்தியில் உட்காருகிறவர், "எனக்கு இலை போடவே இல்லை" என்று சண்டைக்கு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அந்த வரி.

பின்னணி இதுதான். ஜாவாவில் எழுதிய ஒரு சேவை. இரவு 2 மணி தாண்டியதும் ஒரு கால் மணி நேரம் பதில்கள் தாமதமாகும், பிறகு தானே சரியாகிவிடும். நினைவகம், வலையமைப்பு, டேட்டாபேஸ் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்த சந்தேகம் சிபியு வரிசை. அதைப் பார்க்க லினக்ஸ் கெர்னலிலேயே, உள்ளே நடப்பதைப் பதிவுசெய்யும் எஃப்டிரேஸ் என்ற கருவி இருக்கிறது. ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதி, 2008இல் வந்த 2.6.27 பதிப்பில் கெர்னலுக்குள் சேர்ந்தது. எனக்குப் பிடித்த விஷயம், எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு கோப்பில் 1 என்று எழுதினால் பதிவு தொடங்கும். இன்னொரு கோப்பை, உள்ளிருப்பதை அப்படியே திரையில் காட்டும் 'கேட்' கட்டளையால் திறந்தால் வரி வரியாகக் கொட்டும். நள்ளிரவில் அடுத்தவர் சர்வரில் நுழைந்து வேலை பார்ப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

ஒரு நிரலை இறக்கி இன்னொன்றை ஏற்றும்போதெல்லாம் கெர்னல் ஒரு வரி தரும். ஆங்கிலத்தில் வருவதை இங்கே தமிழ் எழுத்தில், கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்:

ஹெச்டிடிபி-நியோ-8080-இ-20417 [003] டி..2. 81234.120456: ஸ்கெட்_ஸ்விட்ச்: ப்ரிவ்_பிஐடி=20417 ப்ரிவ்_ஸ்டேட்=ஆர்+ ==> நெக்ஸ்ட்_பிஐடி=20988

முதலில் இறங்குகிறவரின் பெயரும், கெர்னல் அவருக்குத் தந்த அடையாள எண்ணான பிஐடியும். பிறகு எந்த சிபியு, நாலைந்து கொடிகள், நேரம். அப்புறம் நிகழ்வின் பெயரும் விவரமும். 'ஆர்' நிலையில் ஒருவர் இறக்கப்பட்டால் அவர் தூங்கப் போகவில்லை, இன்னும் ஓட ஆசையோடு வரிசையில் நிற்கிறார் என்று அர்த்தம். அவர் மறுபடி ஏறும் நேரத்திலிருந்து இறங்கிய நேரத்தைக் கழித்தால் காத்திருப்பு கிடைக்கும். கணக்கு சுலபம். வரிகளைப் பத்தி பத்தியாகப் பிரித்துப் படிக்கும் 'ஆக்' மொழியில் இருபது வரிகூட ஆகவில்லை.

அந்த இருபது வரியில் ஒன்று, முதல் சொல்லைக் கோடு இருக்கும் இடத்தில் வெட்டி, இரண்டாவது துண்டை பிஐடி என்று எடுத்துக்கொண்டது. மேலே இருக்கும் வரியை இன்னொரு முறை பாருங்கள். பெயருக்குள்ளேயே மூன்று கோடு. இரண்டாவது துண்டு 'நியோ'. அதோடு பூச்சியத்தைக் கூட்டி எண்ணாக மாற்றச் சொல்லியிருந்தேன். 'ஆக்' ரொம்ப சாது. எண்ணாக மாறாத எதையும் முகம் சுளிக்காமல் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும். பிஐடி பூச்சியம் யாருடையது? ஐடிலுடையது.

ஆக, நான் யாரைத் தேடினேனோ அவர்கள், அதாவது ஒரே சேவைக்குள் தனித்தனியாக ஓடி கோரிக்கைகளைக் கையாளும் இழைகளான த்ரெட்கள், வரிசையில் போய் நின்ற கணமெல்லாம் ஐடில் கணக்கில் ஏறியிருக்கிறது. அடுத்து ஐடில் எப்போது ஓடினாரோ, அப்போது அவர் அவ்வளவு நேரம் காத்திருந்ததாகக் கணக்கு முடிந்திருக்கிறது. கெர்னல் எங்கேயும் பொய் சொல்லவில்லை. நான்தான் திருடனைப் பிடித்து, பெயர் எழுதும்போது வாட்ச்மேன் பெயரை எழுதிவைத்திருக்கிறேன்.

எட்டாயிரத்து எண்பதுக்குப் பிறகு ஒற்றை 'இ' ஏன் தொங்குகிறது என்று சிலர் யோசிக்கலாம். டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வர் வைக்கும் முழுப்பெயரில் 'எக்ஸெக்' என்றும் ஓர் எண்ணும் உண்டு. லினக்ஸ் ஒரு நிரலின் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 16 பைட். கடைசி பைட் முற்றுப்புள்ளிக்கு. கையில் கிடைப்பது 15. எங்கள் சர்வரில் ஓடிய ஜாவா பதிப்பு பெயரை அந்த இடத்தில் அப்படியே நறுக்கிவிடும். அதனால் த்ரெட்கள் அத்தனைக்கும் ஒரே பெயர். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஜர்னல்டி சேவைக்கும் இதே கதி; ஆங்கிலத்தில் கோட்டோடு சேர்த்து 16 எழுத்து, ஆகவே கடைசி 'டி' காலி. ஒரே ஓர் எழுத்துக்காக!

சரி, கோட்டைக் கடைசியிலிருந்து தேடினால் போயிற்று என்று மாற்றினேன். ஐடில் பட்டியலிலிருந்து இறங்கினார். ஆனால் புதிதாக 'சி2' என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். அது ஜாவா கம்பைலர் த்ரெட். அதன் பெயருக்குள் இடைவெளி உண்டு. 'ஆக்' இடைவெளியை வைத்துத்தான் பத்தி பிரிக்கும் என்பதால், பெயரின் பின்பாதி இரண்டாவது பத்தியாகி, சிபியு எண் மூன்றாவதாகி, எல்லாமே ஓர் இடம் தள்ளிப்போனது. தியேட்டரில் ஒருவர் தவறான சீட்டில் உட்கார்ந்தால் அந்த வரிசையே ஒவ்வொரு சீட்டாக நகருமே, அதேதான்.

இதற்கு வழக்கமான மருந்து ஒன்று உண்டு. கெர்னல் பெயரை வலப்பக்கம் ஒட்டி, எப்போதும் 16 இடம் பிடித்து அச்சிடும். பெயர் 15ஐத் தாண்டாது என்பதால் முதல் 16 இடத்தை அப்படியே வெட்டி எடுத்துவிட்டால், உள்ளே கோடு இருந்தால் என்ன, இடைவெளி இருந்தால் என்ன. பிசிசி என்ற கருவித்தொகுப்பின் பைத்தான் நூலகமும் இந்த வரிகளைப் படிக்கும்போது இதைத்தான் செய்கிறது. அதில் 'சிபியு:' என்று தொடங்கும் வரிகளைத் தாண்டிப் போகச் சொல்லி ஒரு நிபந்தனையும் உண்டு. படிப்பவர் மெதுவாகப் படித்து, பதிவுகள் தற்காலிகமாகத் தங்கும் பஃபர் நிரம்பி, நிகழ்வுகள் தொலைந்துபோனால், இத்தனை தொலைந்தன என்று கெர்னல் நடுவில் ஒரு வரி சொருகும். அது நிகழ்வு வரி மாதிரியே இருக்காது. பட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் எழுதிய நிபந்தனை என்று பார்த்தவுடன் தெரியும்.

நானும் 16ஐ வெட்டினேன். அந்தப் பெண் பின்னாலிருந்து, "நிரலுக்குத் தமிழ்ப் பெயர் வச்சா என்ன ஆகும்?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. சொன்ன நேரம் சும்மா தூங்கும் 'ஸ்லீப்' நிரலை ஒரு நகல் எடுத்து, கோப்புக்கு 'தமிழ்' என்று பெயர் வைத்து ஓடவிட்டோம்.

எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. ஐம்மூன்று பதினைந்து. கெர்னல் தரும் இடத்தில் ஒரு பைட் மிச்சமில்லாமல் கச்சிதமாகப் பொருந்துகிறது! இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்து 'பதிவர்' என்று வைத்துப் பார்த்தோம். அது 18 பைட். கடைசி மூன்று பைட், அதாவது ரகரத்தின் மேலிருந்த புள்ளி, போய் 'பதிவர' என்று நின்றது. பெயர் வெட்டுப்படும், ஆனால் முழுத் தமிழாக இருக்கும்வரை எந்தக் குறியீடும் நடுவில் உடையாது, ஏனென்றால் 15 மூன்றால் வகுபடும். இதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. எனக்கு மட்டும் அன்று முழுக்க சந்தோஷம்.

ஸ்கிரிப்டுக்கு சந்தோஷம் இல்லை. கெர்னல் 16 இடம் என்று எண்ணியது பைட் கணக்கில். என் டெர்மினலில் யுடிஎஃப்-8 இருந்ததால் 'ஆக்' 16 என்று எண்ணியது எழுத்துக் கணக்கில். 'தமிழ்' அதற்கு ஐந்தே எழுத்து, முன்னால் ஓர் இடைவெளி. ஆக ஆறோடு பெயர் முடிந்துவிட்டது. மீதி பத்து இடத்துக்கு பிஐடி எண்ணையும் சேர்த்து விழுங்கிவிட்டது. மொழி அமைப்பை வெறும் 'சி' என்று மாற்றிவிட்டு ஓட்டினால் இரண்டு பேரும் பைட்டிலேயே எண்ணுவார்கள், சண்டை தீரும். திரையில் பத்திகள் கோணலாக நிற்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது.

இடத்தை எண்ணி வெட்டுவதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. பிஐடிக்கு முன்பெல்லாம் ஐந்து இடம் ஒதுக்கி அச்சிட்டார்கள். உச்ச எண் 32768ஆக இருந்த காலத்துக்கு அது போதும். 2019இல் வந்த சிஸ்டம்டி 243, 64 பிட் இயந்திரங்களில் அந்த உச்சத்தைத் தானாகவே 4194304 ஆக்கியது. ஏழு இலக்கம். பிறகு கெர்னலிலும் ஏழு இடமாக விரித்தார்கள். கொடிகளும் முன்பு நான்கு எழுத்து, இப்போது ஐந்து. இதையெல்லாம் கெர்னல்காரர்கள் மாற்றக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மனிதக் கண் படிப்பதற்காக அச்சிடுகிறார்கள். கண் ஓரிடம் தள்ளிப்போனாலும் படித்துவிடும்.

இவ்வளவும் ஆன பிறகும் மூன்று புள்ளிக்காரர் அசையவில்லை. இங்கேதான் நான் பல வருடமாகத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்று பிடிபட்டது.

நிகழ்வு நடக்கும்போதே கெர்னல் அந்த வரியை எழுதி வைத்துவிடுகிறது, நாம் 'கேட்' செய்யும்போது அது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு சிபியுவுக்கும், நிரம்பினால் மறுபடி முதலிலிருந்து எழுதும் தனித்தனி ரிங் பஃபர். அதில் விழுவது வெறும் பைட். ஒரு நிகழ்வின் தலைப்பகுதி நாலே பைட்தான்: 5 பிட்டில் வகையும் நீளமும், 27 பிட்டில் முந்தைய நிகழ்விலிருந்து கடந்த நேரம். அந்த 27 பிட்டில் ஏறத்தாழ 134 மில்லிசெகண்ட் வரைதான் அடங்கும், அதைத் தாண்டினால் தனியாக ஒரு நீட்டிப்புப் பதிவு. இவ்வளவு கஞ்சத்தனமாக எழுதுகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் பெயரை எழுதுவார்களா? முதல் பத்திக்காகப் பிஐடி எண் மட்டும்தான் போகிறது. எண்ணைப் பெயராக்கி, நேரத்தைக் கூட்டி, பத்தி பிரித்து வரியாகச் சமைப்பது எல்லாம் நாம் படிக்கிற நேரத்தில் நடக்கிறது.

அப்படியானால் பெயர் எங்கிருந்து வருகிறது? பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது: இந்த பிஐடிக்கு இந்தப் பெயர் என்று. அதன் அளவைக் கேட்டால் எங்கள் சர்வர் 128 என்றது. நூற்று இருபத்தெட்டுப் பேர்! ஜாவா சேவை ஒன்றிலேயே அதைவிட அதிக த்ரெட்கள். புதியவர் வர வர, பழையவர் பெயரை அடித்துவிட்டு அந்த வரியில் எழுதுகிறது. நாம் படிக்கும்போது நோட்டில் இல்லாதவருக்கெல்லாம் ஒரே முகம்: "<...>". நான் பெயரை வைத்துக் கூட்டியிருந்ததால் ஊரில் பெயர் தெரியாத அத்தனை பேரின் காத்திருப்பும் ஒருவர் தலையில் விழுந்து, அவர் முதலிடத்துக்கு வந்துவிட்டார்.

இந்த 'படிக்கும்போது சமைப்பது' புரிந்த பிறகு, வேறொரு பழைய புதிரும் விடுபட்டது. கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லிலிருந்து ஒரு கட்டளை கொடுக்கிறோம். அந்த ஷெல்லான பாஷ் தன்னைப் போலவே ஒரு பிள்ளையைப் பெற்று, அந்தப் பிள்ளை பிறகு 'ஸ்லீப்' ஆக மாறுகிறது. மாறுவதற்கு முன் நடந்த நிகழ்வின் வரியைப் பார்த்தால் முதல் பத்தியில் 'ஸ்லீப்' என்றும், அதே வரியின் உள்ளே 'பாஷ்' என்றும் இருக்கும். உள்ளே இருப்பது நிகழ்வோடு சேர்த்து அப்போதே பதிந்த பெயர். முதல் பத்தி, நோட்டில் கடைசியாக இருக்கும் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய பெயரைப் பள்ளிக்கூடப் போட்டோவின் அடியில் எழுதியது மாதிரி. ஐடிலுக்கும் இதேபோல இரண்டு பெயர். முதல் பத்தியில் கெர்னல் "<ஐடில்>" என்று தானாக எழுதிவிடும்; உள்ளே பார்த்தால் 'ஸ்வாப்பர்' என்றும் சிபியு எண்ணும்.

படிக்கும்போது சமைப்பதில் ஆபத்தும் உண்டு, அதுவும் சாதாரண ஆபத்து இல்லை. டிரேஸ் நிகழ்வு எழுதும் ஒருவர், சொல்லைப் பதியாமல் அந்தச் சொல் இருக்கும் முகவரியை மட்டும் பதிந்துவிடலாம். பதியும்போது எல்லாம் சரியாக இருக்கும். பத்து நிமிடம் கழித்து ஒருவர் கோப்பைத் திறக்கும்போது அந்த முகவரியில் வேறு யாரோ குடியிருப்பார்கள். குப்பை அச்சாகலாம், கெர்னலே விழவும் செய்யலாம். 2021இல், 5.13 பதிப்பிலிருந்து, சொல்லை அச்சிடுவதற்கு முன் அந்த முகவரி நம்பத்தக்கதா என்று பார்த்து, இல்லையென்றால் 'பாதுகாப்பற்ற நினைவகம்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு நகரத் தொடங்கியது. அதற்கு முன்பு 2018இல் வந்த 4.15, முகவரிகளை அப்படியே அச்சிடாமல் கலைத்துக் காட்டத் தொடங்கியது. கலைப்பதற்குத் தேவையான சாவி பூட் ஆகும் நேரத்தில் தயாராக இல்லாவிட்டால், ஒரு சொல்லை இரு பக்கமும் அடிக்கோடும் அடைப்புக்குறியும் போட்டு நிரப்பி அச்சிடுவார்கள். எண்ணிப் பார்த்தால் அது சரியாக 16 எழுத்து, 64 பிட் முகவரியின் அகலம். மதிப்பு இல்லையென்றாலும் பத்தி குலையக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பெயரைத் தூக்கிப்போட்டு, நிகழ்வுக்குள் இருக்கும் பிஐடியை மட்டும் வைத்துக் கூட்டினோம். இப்போது த்ரெட்கள் மேலே வந்தன, ஆனால் மொத்தக் காத்திருப்பு பயனர்கள் பட்ட தாமதத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவள்தான் கண்டுபிடித்தாள்: "அண்ணா, 'ஆர்' மட்டும்தான் பார்க்கறீங்க. பாதி வரில 'ஆர்+'னு இருக்கே?"

இருந்தது. நான் இந்தக் கட்டுரையில் காட்டிய மாதிரி வரியிலேயே இருக்கிறது. ஒரு நிரல் கெர்னலுக்குள் வேலையாக இருக்கும்போது நடுவில் இறக்கிவிடப்பட்டால் கூட்டல் குறி சேர்ந்து வரும். என் ஸ்கிரிப்ட் 'ஆர்' என்றே இருக்கிறதா என்று ஒப்பிட்டது. 'ஆர்+' அதற்கு வேறு ஆள்.

அந்தக் கூட்டல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, நிகழ்வின் 'ஃபார்மேட்' கோப்பைத் திறந்தோம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் இப்படி ஒரு கோப்பு உண்டு: எந்தப் புலம், எத்தனையாவது பைட்டில், எவ்வளவு நீளம் என்று. கடைசியில், எப்படி அச்சிட வேண்டும் என்பதற்கான குறிப்பு சி மொழித் துண்டாகவே நீளமாகக் கிடக்கும். நிலை என்பது அங்கே வெறும் எண். 0 என்றால் 'ஆர்', 1 என்றால் 'எஸ்', அதாவது தூக்கம். எங்கள் கெர்னலில் 256 என்ற பிட் இருந்தால் பின்னால் ஒரு '+'. இரண்டு தனித்தனிச் சொற்களை ஒட்டி அச்சிடுகிறார்கள். டிரேஸ்-சிஎம்டி, பெர்ஃப் போன்ற கருவிகள் கெர்னல் சமைத்த வரியைப் படிப்பதில்லை. மூல பைட்டுகளை எடுத்துக்கொண்டு, இந்தச் சி துண்டைத் தாங்களே வாசித்துப் புரிந்துகொண்டு அச்சிடுகின்றன. அதிலும் தகராறு வந்திருக்கிறது. குறிப்பில் எண்ணுக்குப் பதில் கெர்னலுக்குள் மட்டுமே அர்த்தமுள்ள ஒரு பெயர் இருந்தால், வெளியே இருக்கும் கருவிக்கு அதன் மதிப்பு எப்படித் தெரியும்? 2015இல் 4.1 பதிப்பில்தான் அந்தப் பெயர்களை எண்ணாக மாற்றி வெளியே தர வழி செய்தார்கள்.

ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டுவிட்டு டிரேஸ்-சிஎம்டியில் பதிந்து, புலங்களை நேராக எடுத்தோம். கூடவே நேரமும் நானோசெகண்டில் கிடைத்தது. 'கேட்' காட்டும் வரியில் மைக்ரோசெகண்ட் வரைதான். காரணம் அரை மணியில் தெரிந்தது. இரவு 2 மணிக்கு லாக் கோப்புகளைச் சுருக்கும் வேலை, சிபியு எத்தனையோ அத்தனை த்ரெட்டோடு கிளம்பி, சேவையின் த்ரெட்களை நடுவில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. அதன் முன்னுரிமையைக் குறைத்தோம். அதைச் சொல்ல ஒரு பத்திகூடத் தேவையில்லை.

கிளம்பும் முன் அவள் பெயர் நோட்டின் அளவை 4096 என்று மாற்றிவிட்டு, மறுபடி ஒருமுறை பதிந்து பார்த்தாள். எல்லோருக்கும் பெயர் வந்துவிட்டது, ஒரே ஒரு வரியைத் தவிர. அதில் அதே மூன்று புள்ளி.

மூல நிரலைத் திறந்து பார்த்தோம். பெயரை நோட்டில் எழுதப் போகும் இடத்தில், ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுக்க ஒரு பூட்டு. பூட்டு கிடைக்காவிட்டால் கெர்னல் காத்திருப்பதில்லை, எழுதாமலே போய்விடுகிறது. பக்கத்தில் ஒரு குறிப்பு: பூட்டு கிடைக்காவிட்டால் உலகம் ஒன்றும் அழிந்துவிடாது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில்.

"அப்ப இவருக்கு அடுத்த முறை வரவே இல்லை போல," என்றாள்.